மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்பெனி

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுடைய நாத்தனார் மொட்டைமாடியிலிருந்து தெருமுனை வரை கேட்கிற மாதிரி "அண்ணீ!" என்று நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்ததில், அந்தப் பெயர் அக்கம்பக்கத்துக்கும் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்தவர், அவருக்கும் அண்ணிதான். பல் டாக்டர்கூட அவளுடைய கடைவாயில் கருவியை விட்டுக்கொண்டே "இன்னும் நல்லாத் திறங்க அண்ணி" என்பார். இதிலெல்லாம் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒரே ஒரு ஆள் அப்படிக் கூப்பிட்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆள் அன்று காலை அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே குந்தி உட்கார்ந்திருந்தான். தோளில் எப்போதும் ஒரு கேபிள் சுருளை மாட்டிக்கொண்டு திரிவதால் அவனுக்குச் சுருள் என்று பெயர் வைத்தவளும் அண்ணிதான். துடைப்பமும் பழைய வாளிகளும் இருந்த அந்த இடத்தில் இப்போது இரும்பு அலமாரி, அதற்குள் விளக்கு மினுக்கும் பெட்டிகள், பெட்டிகளைக் குளிர வைக்க ஒரு குட்டி மின்விசிறி. தெருவுக்கே இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி அதுதான். முதலாளி நாத்தனார். பார்ட்னர் சுருள்.

"அண்ணி, இந்தப் பிளக்குல வேற எதையும் சொருகாதீங்க."

"சொருகல. ஆனா நீங்க என்னை அண்ணின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"தெருவே அப்படித்தானே அண்ணி கூப்பிடுது?"

"தெரு கூப்பிடட்டும். அவளோட அண்ணன் பொண்டாட்டி நான். அவளுக்கு நான் அண்ணி. உங்களுக்கும் நான் அண்ணின்னா, அவ உங்களுக்கு என்ன முறை ஆகணும்? உட்கார்ந்து கணக்குப் போடுங்க."

சுருள் கொஞ்ச நேரம் மினுக்கும் விளக்குகளைப் பார்த்தான். "சரி அண்ணி," என்று சொல்லிவிட்டுக் கேபிளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். எந்தக் கம்பியை எங்கே இணைத்தால் எத்தனை வீட்டுக்கு நெட் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதனுக்கு இந்த ஒரு இணைப்பு மட்டும் பிடிபடவே இல்லை. நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு பேரும் ஒரே பெரிய நெட் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று அவள் வேலையை விட்டாள். அடுத்த வாரமே அவனும் விட்டான். கேட்டால், "எனக்கு அங்க காபி பிடிக்கல" என்றான். அதை அவள் நம்பினாள்! அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதெல்லாம் மெகாபிட்டும் ஸ்பீடும்தான்.

தொழில் ஒன்றும் புரியாத சங்கதி இல்லை. பெரிய கம்பெனியிடம் நெட்டை மொத்தமாக வாங்கி, சொந்தமாகக் கம்பி இழுத்து, வீடு வீடாகச் சில்லறைக்குக் கொடுப்பது. கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு இந்த ஒரு தெருவுக்கு மட்டும் முதலில் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இனி அந்த வட்டாரத்தின் பன்னிரண்டு தெருவுக்கும் போக வேண்டும். அதற்கு முதல் வேண்டும். பேங்க்காரர் அடமானம் கேட்டார். முதலீடு செய்கிறேன் என்று வந்த ஓர் இளைஞர் "இதுக்கு ஒரு ஆப் இருக்கா?" என்று கேட்டார், இல்லை என்றதும் வந்த வழியே போய்விட்டார். மொத்தமாக வாங்கிய நெட்டுக்கு இந்த மாதக் கடைசி வரைதான் பணம் கட்டியிருந்தது.

இதற்கு நடுவில் பழைய கம்பெனி நாத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டது. பெரிய பதவி, பெரிய சம்பளம், வேறு ஊர். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"போயிடுவியா?" என்று அண்ணி கேட்டாள்.

"இன்னிக்கு வர்றவங்க பணம் போட்டா இருப்பேன். போடலன்னா போய்த்தான் ஆகணும். அண்ணன் சோத்துல எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறது?"

"அது என் சோறு. உங்கண்ணன் வெறும் தண்ணிதான் கொதிக்க வைப்பாரு."

அண்ணி சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் இந்த வீட்டில் அவளோடு சண்டை போடவும், சண்டை முடிந்ததும் ஒரே தட்டில் சாப்பிடவும் இருக்கிற ஒரே ஆள் நாத்தனார்தான். அவள் போய்விட்டால் அந்தச் சுருளும் தோளில் கம்பியோடு தெருவில் நிற்பான், காலமெல்லாம் எல்லோரையும் அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு.

அண்ணியின் கணவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "மாடிப்படிக்குக் கீழ கம்பெனி நடத்தி யாராவது உருப்பட்டிருக்காங்களா? பெரிய கம்பெனின்னா பெரிய கம்பெனிதான். நான் என் பழைய கனெக்ஷனை விட மாட்டேன். சொல்லிட்டேன்." அவன் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தான். உலகத்தில் எதெல்லாம் கவிழும் என்று யோசிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

"இன்னிக்கு சாயங்காலம் அந்தம்மா முன்னாடி இதையெல்லாம் சொல்லாம மேல ரூம்லயே இருங்க, போதும்."

அந்தம்மா என்றால் ஐஸ் அம்மா. குளிர்பதனக் கிடங்குகள் கட்டி வாடகைக்கு விட்டுப் பணக்காரியானவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். "ஏழு மணிக்கு வர்றாங்க அண்ணி. நெட்டைப் பார்க்கணுமாம்," என்றாள். சொன்னது அவ்வளவுதான். ஏன் ஏழு மணி என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அங்கேதான் வினையே வந்தது.

பழைய கம்பெனியின் காலத்தில் அந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கம்பியை எல்லா வீட்டுக்கும் பிய்த்துக் கொடுத்திருந்தார்கள். நாலு வீட்டில் படம் ஓடினால் ஐந்தாவது வீட்டில் ஒன்றும் அசையாது. அதனால் யாருக்காவது இன்டர்வியூ, பரீட்சை, வெளிநாட்டுப் பிள்ளையோடு முக்கியமான பேச்சு என்றால், அந்த வீட்டார் வாசலுக்கு வந்து "நெட்டை விடுங்க!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். தெரு முழுக்கப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வந்து காற்று வாங்கும். தையல்காரம்மாவின் மகளைப் பெண் பார்த்ததுகூட அப்படித்தான்: அடுத்த நாட்டிலிருந்த மாப்பிள்ளை திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தெருவே நெட்டை விட்டுக் கொடுத்தது.

நாத்தனாரின் வாழ்க்கையிலேயே பெரிய இன்டர்வியூ இது. அண்ணி சும்மா இருப்பாளா?

நாத்தனாரும் சுருளும் ஐஸ் அம்மாவை அழைத்துவரத் தெருமுனைக்குப் போனதும், அவள் முதலில் தெருக் குழுவுக்குப் போனில் ஒரு குரல் செய்தி போட்டாள். "அண்ணி பேசறேன். நம்ம வீட்டுப் பொண்ணுக்கு இன்னிக்குப் பெரிய நாள். நெட்டை விடுங்க. ஒருத்தரும் தொடக் கூடாது. தொட்டா நான் வீட்டுக்கே வந்துருவேன்." செய்தி கேட்காதவர்களுக்காக வீடு வீடாகவும் போய் வந்தாள். கணக்கு டீச்சர் டியூஷனைப் பாதியில் நிறுத்தினார். ரிட்டயர்டு மேனேஜர் முகம் தெரியாத யாரோடோ செஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

"ஜெயிக்கப் போறேன் அண்ணி! அஞ்சே நிமிஷம்!"

"நாளைக்கு ஜெயிக்கலாம் சார்."

அவர் பெருமூச்சோடு பிளக்கைப் பிடுங்கினார்.

ஐஸ் அம்மா தெருவைச் சுற்றிப் பார்த்தபோது, தெரு முழுக்க வாசலில் நின்றது. அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பூரித்துப்போனாள். சுருள் கையை நீட்டி எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்குக் கம்பி போகிறது என்று காட்டினான். தையல்காரம்மா ஜன்னலைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இங்க யாருமே வீட்டுக்குள்ள இருக்க மாட்டாங்களா?" என்று ஐஸ் அம்மா கேட்டது அண்ணியின் காதில் விழுந்தது.

"தெரியலயே மேடம். இன்னிக்கு என்னமோ எல்லாரும் வெளிய..." என்றாள் நாத்தனார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஐஸ் அம்மா டீயைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"பெரிய கம்பெனி விலையைக் குறைச்சா?"

"குறைப்பாங்க மேடம். ஆனா கம்பி அறுந்தா போனை எடுக்க மாட்டாங்க. நான் எடுப்பேன்," என்றாள் நாத்தனார்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டா?"

"அது தினமும் நடக்கும்," என்றான் சுருள். "கம்பெனி ஓடிட்டுத்தான் இருக்கு."

"நீங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன?"

"பார்ட்னர்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பதில் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது என்று அண்ணிக்குப் பட்டது.

"சரி. பேச்செல்லாம் யார் வேணா பேசலாம். ஏழு மணியாச்சு. எல்லாரும் வேலையிலருந்து வந்து ஒரேயடியா நெட்டுல உட்காருற நேரம். என் கிடங்குல கதவைத் திறந்து திறந்து மூடுற நேரத்துலதான் மெஷின் தாங்குதான்னு பார்ப்பேன். அதே மாதிரி உங்க பெட்டி இந்தக் கூட்டத்தைத் தாங்குதான்னு பார்க்கத்தான் இந்த நேரத்துக்கு வந்தேன். காட்டுங்க."

கையிலிருந்த பிஸ்கட் தட்டு அண்ணிக்குத் திடீரென்று கனத்தது.

நாத்தனார் லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள். தெருவின் படம் வந்தது. நெட்டில் இருக்கிற வீடு பச்சைப் புள்ளியாகத் தெரியும், இல்லாத வீடு சாம்பல் நிறம். கீழே எவ்வளவு நெட் ஓடுகிறது என்று ஒரு கோடு. தெரு முழுவதும் சாம்பல் பூத்துக் கிடந்தது. கோடு தரையோடு படுத்திருந்தது.

நாத்தனாரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அண்ணி கண்ணால் பார்த்தாள். சுருள் எழுந்து மாடிப்படிக்குக் கீழே ஓடினான். "பெட்டி நல்லா இருக்கு!" என்று அங்கிருந்து அவன் குரல் வந்தது. "கம்பியும் நல்லா இருக்கு! யாருமே நெட்டுல இல்ல!"

"இலவசமாக் கொடுத்தும் யாருக்கும் வேண்டாமா?" என்றார் ஐஸ் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு புள்ளி மட்டும் பச்சையா இருக்கே. அது யாரு?"

திரும்பி வந்த சுருள் குனிந்து பார்த்தான். தொண்டையைச் செருமினான். "அது... இதே வீடுதான். மேல் ரூம்."

அண்ணி அண்ணாந்து பார்த்தாள். மேலேயிருந்து, கவனித்துக் கேட்டால் மட்டும் காதில் விழுகிற மாதிரி, ஒரு மெகாசீரியலின் அழுகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பெரிய கம்பெனியை விடவே மாட்டேன் என்று சபதம் போட்ட மனுஷன்! ஆபீஸ் வேலை என்று தினமும் கதவைச் சாத்திக்கொண்டது இதற்குத்தானா? அவளே தெரு முழுக்கச் சுற்றியவள், சொந்தப் புருஷனிடம் சொல்ல மட்டும் மறந்திருந்தாள். பழைய கனெக்ஷன்காரனிடம் எதற்குச் சொல்வானேன் என்ற நினைப்பு.

ஐஸ் அம்மா கைப்பையை எடுத்தார். "நல்ல பொண்ணா இருக்க. எங்கயாவது நல்ல வேலைக்குப் போம்மா."

நாத்தனார் லேப்டாப்பை மூடக் கையை நீட்டினாள். வேறு ஊருக்குப் பெட்டி கட்டுகிற கைதான் அது என்று அண்ணிக்குத் தோன்றியது.

"மூடாதே!" என்றாள். பிஸ்கட் தட்டை ஐஸ் அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டாள். அவர் எழுந்திருக்க முடியாமல் போனார். "மேடம், தப்பு என்னோடது. நான்தான் எல்லாரையும் அணைக்கச் சொன்னேன்."

"அண்ணி!" என்று நாத்தனார் அலறினாள். "நீங்களா?"

"இன்டர்வியூன்னா நெட்டை விடறதுதானே நம்ம தெரு வழக்கம்? உனக்கு ஸ்பீடா வரட்டும்னு..."

"அதெல்லாம் அந்தப் பழைய கம்பெனிக்கு! நம்ம கம்பிக்கு எதுக்கு? அதுக்குத்தானே இத்தனை நாளாக் கம்பியோட கட்டிப் புரண்டோம்!"

"எனக்கென்ன தெரியும்? ஏழு மணிக்கு நெட்டைப் பார்க்க வர்றாங்கன்னு மட்டும் சொன்ன. கூட்டத்தோட பார்க்கணும்னு சொன்னியா? உன் வாய்க்கு மெகாபிட்டைத் தவிர வேற வார்த்தையே வராதா?"

"இருங்க," என்றார் ஐஸ் அம்மா. மடியில் தட்டோடு அவர் அண்ணியை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வீட்டையும் நீங்க ஒருத்தரே அணைச்சீங்களா?"

"ஆமாம் மேடம்."

"எவ்வளவு நேரத்துல?"

"நீங்க தெருமுனைக்கு வந்து சேர்றதுக்குள்ள."

"திரும்பப் போட முடியுமா?"

அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"எல்லாரும் போடுங்க! ஒரு வீடு விடாம! படம், பாட்டு, பேச்சு, எது இருக்கோ அத்தனையும் போடுங்க! மேனேஜர் சார், செஸ்ஸை ஆரம்பிங்க!"

தையல்காரம்மா அதை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். பல் டாக்டர் அதை மூலைவீட்டுக்குக் கொடுத்தார். தெரு ஒரே ஓட்டமாக உள்ளே ஓடியது. இத்தனை நேரம் பட்டினி போட்ட வயிறு வேறு. எல்லோரும் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டார்கள்.

அண்ணி கூடத்துக்குத் திரும்பி வந்தபோது புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. பிறகு கொத்துக் கொத்தாக. படுத்திருந்த கோடு எழுந்து உட்கார்ந்தது, நின்றது, ஏணியில் ஏறுகிற மாதிரி ஏறியது. மேலே குறுக்காக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று அண்ணிக்குத் தெரியாது. ஆனால் நாத்தனார் மூச்சு விடாமல் நின்றதைப் பார்த்து, தொடக் கூடாத கோடு என்று புரிந்துகொண்டாள்.

"இத்தனை வீடும் ஒரே நிமிஷத்துல வந்ததே இல்ல," என்று நாத்தனார் முணுமுணுத்தாள். "சோதிச்சுப் பார்க்க வழியே இல்லாம இருந்துச்சு..."

மாடிப்படிக்குக் கீழே குட்டி மின்விசிறி வண்டு மாதிரி சத்தம் போட்டது. கோடு சிவப்பைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. நாத்தனார் தன்னை அறியாமல் சுருளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் அசையவில்லை. கையை எடுத்துவிடுவாளோ என்று பயந்தவன் மாதிரி நின்றான். ஐஸ் அம்மாவின் பார்வை டிவியிலிருந்து இறங்கி, அந்த மணிக்கட்டில் கொஞ்ச நேரம் தங்கி, மறுபடி டிவிக்குப் போனது.

சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே கோடு நின்றது. நடுங்கியது. அப்படியே நிலைத்தது.

"படம் ஓடுதான்னு யார்கிட்டயாவது கேட்கணுமே," என்றார் ஐஸ் அம்மா.

"ஒருத்தர் இருக்காரு மேடம்," என்று அண்ணி படியைப் பார்த்துத் திரும்பினாள். "என்னங்க! கொஞ்சம் கீழ வாங்க!"

கணவன் பாதிப் படி வரை இறங்கி வந்து, கூடத்தில் இருந்த எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து அங்கேயே நின்றான். கண் சிவந்திருந்தது.

"சீரியல் நின்னுச்சா?"

"எந்த சீரியல்?"

"அழாமச் சொல்லுங்க. நின்னுச்சா, நிக்கலயா?"

அவன் தங்கையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். தன் மானத்தையும் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். "நிக்கல," என்றான். "இப்பன்னு இல்ல, மூணு மாசமா ஒரு தடவைகூட நிக்கல." விறுவிறுவென்று மேலே ஏறிப் போனான், கதையில் யாரோ சாகிற கட்டம் போலிருக்கிறது.

ஐஸ் அம்மா ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் தோய்த்தார். "பணம் போடறேன். நூத்துல நாப்பது பங்கு எனக்கு."

நாத்தனார் சரி என்று சொல்லப் போவதை அண்ணி பார்த்துவிட்டாள். "முப்பது," என்று குறுக்கே விழுந்தாள்.

"உங்களுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?"

"படிக்குக் கீழ இருந்த என் வாளியெல்லாம் மழையில நனையுது மேடம். அந்த சம்பந்தம்."

ஐஸ் அம்மாவின் வாயோரம் ஒரே ஒரு சுருக்கம் விழுந்தது. "முப்பத்தஞ்சு. அதுக்கு மேல ஒரு நிபந்தனை. ஒரு குரல்ல தெருவையே அணைக்கிற ஆளைக் கம்பெனிக்கு வெளியில விட்டு வைக்கிறது ஆபத்து. நாளைக்குப் போட்டிக்காரன் கூப்பிட்டா? இவங்களை உள்ள எடுத்துப் போடுங்க. பன்னிரண்டு தெருவுக்கும் இவங்கதான் போய்ப் பேசணும்."

"சம்பளம்?" என்றாள் அண்ணி.

"அண்ணி!" என்றாள் நாத்தனார்.

"என்ன அண்ணி? தெருத் தெருவா அலைஞ்சா செருப்பு தேயாதா?"

"கொடுப்பாங்க," என்றார் ஐஸ் அம்மா. எழுந்து, வாசல் வரை போய், திரும்பி நாத்தனாரையும் சுருளையும் பார்த்தார். "இன்னொண்ணு. நான் கேட்ட கேள்விக்கு ரெண்டு பேரும் தப்பாப் பதில் சொன்னீங்க. பத்திரத்துல கையெழுத்துப் போடறதுக்குள்ள சரியான பதிலை முடிவு பண்ணுங்க. எனக்குக் கம்பெனி உடையறதும் பிடிக்காது, இழுத்தடிக்கிறதும் பிடிக்காது."

கார் போன பிறகும் நாத்தனார் சுருளின் மணிக்கட்டை விடவில்லை. அப்போதுதான் அதைப் பார்த்தாள். சுடுகிற எதையோ தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டு, "பழைய ஆபீஸுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லணும்," என்று மொட்டைமாடிக்கு ஓடினாள். போனை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

சுருள் அந்தப் போனைப் பார்த்தான். மாடிப்படியைப் பார்த்தான். காலையில் கொடுத்த கணக்கை இப்போதுதான் போடுகிறான் என்று அண்ணிக்குத் தெரிந்தது. அவன் உதடு லேசாக அசைந்தது. போனை எடுத்துக்கொண்டான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேபிள் சுருளைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். முதல் படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"டீ இன்னும் இருக்கா... அக்கா?"

"இருக்கு தம்பி," என்றாள் அண்ணி. "ரெண்டு கப்பா ஊத்தித் தர்றேன். மேல எடுத்துட்டுப் போங்க."